ஆவணி, புரட்டாசி வானிலைக் கண்ணோட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி கழிந்தால் ராமநாதபுரம் கடற்கரை முழுக்க வானத்தைப் பற்றிய பேச்சுதான். திருவாடானைப் பக்கம் புழுதி விதைப்பை, அதாவது மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் நெல் விதைப்பதை, எப்போது தொடங்கலாம் என்று கேட்பார்கள். வாலிநோக்கத்தில் உப்பு வாரி முடிக்க இன்னும் எத்தனை நாள் வெயில் கிடைக்கும் என்று கேட்பார்கள். முண்டு மிளகாய் போடுபவர்கள் ஐப்பசி மழையை இப்போதே விசாரிப்பார்கள். இரண்டு வார, ஒரு மாத முன்னறிவிப்புகளை வாசித்து இவர்களுக்கு எடுத்துச் சொல்வதை நான் நெடுநாளாகச் செய்துவருகிறேன். இப்போது இளம் பிள்ளைகள் பலரும் ஆர்வமாக இதில் இறங்கியிருக்கிறார்கள். மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் என் தலைமுறை தடுக்கி விழுந்த அதே இடங்களில் அவர்களும் விழுகிறார்கள்.

பழைய படத்தைப் புதிது என்று அனுப்புவது, தேதியைப் பார்க்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை பழகப் பழகத் தானாகச் சரியாகிவிடும்.

சதவீதத்தை மழையின் அளவாகப் படிப்பது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பணம் போவது இதில்தான்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை வியாழக்கிழமைதோறும் அடுத்த நான்கு வாரங்களுக்கான நீட்டித்த கால முன்னறிவிப்பை வெளியிடுகிறது. மாதக் கடைசியில் அடுத்த மாதத்துக்கான மழை, வெப்பநிலைக் கண்ணோட்டம் வருகிறது. ஜூலைக் கடைசியில் வருவதில் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாத மழையும் சேர்ந்திருக்கும். இவற்றில் பல வரைபடங்கள் நிகழ்தகவு வரைபடங்கள். நம் மாவட்டத்தின் மேல் நிறம் அடர்த்தியாக இருந்தால் மழை கொட்டப்போகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அடர்த்தி, மழை எவ்வளவு பெய்யும் என்பதைக் காட்டவில்லை. இயல்பைத் தாண்டுவதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது.

கணக்கு எளிதானதுதான். 30 ஆண்டுகளில் அதே இரண்டு வாரத்தில் பெய்த மழையை ஏறுவரிசையில் அடுக்குங்கள். கீழே உள்ள பத்தும் 'இயல்பைவிடக் குறைவு', நடுவில் பத்தும் 'இயல்பு', மேலே பத்தும் 'இயல்பைவிட அதிகம்'. எந்தத் தகவலும் கையில் இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீத வாய்ப்பு. 'இயல்பைவிட அதிகம், 60 சதவீதம்' என்று வந்தால், இந்த முறை அந்த மேல் பத்தில் சேர 60 சதவீத வாய்ப்பு என்று பொருள். மீதி 40 சதவீதம் இயல்பாகவோ குறைவாகவோ போகலாம். பத்து முறை இப்படிச் சொன்னால் ஏறத்தாழ நான்கு முறை அப்படிப் போகத்தான் வேண்டும். ஒருமுறைகூடப் போகாவிட்டால்தான் முன்னறிவிப்பில் கோளாறு.

சில ஆண்டுகளுக்கு முன் ஆவணியில் இப்படி ஒரு வரைபடம் கைபேசிகளில் சுற்றியது. கூடவே 'அடுத்த ரெண்டு வாரம் நம்ம பக்கம் 60 சதவீதம் கூடுதல் மழை' என்று ஒரு குரல் பதிவு. ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் எனக்கு மச்சான் முறையாகும் ஒரு விவசாயி அதைக் கேட்டுவிட்டு, வழக்கத்துக்கு முன்பாகவே விதைத்துவிட்டார். "மாப்ள, அறுபது சதவீதம் கூடப் பெய்யுமாம்ல. இப்பவே போட்டுட்டா முளைச்சு மேல வந்துரும்" என்று அவர் எனக்குப் போன் செய்தபோது டிராக்டர் வயலை விட்டுப் போயிருந்தது.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் இடியோடு நல்ல உழவு மழை பெய்தது. நெல் முளைத்தது. அவ்வளவுதான். அதன் பிறகு மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று விடாமல் அடித்தது; வாரக்கணக்கில் ஒரு சொட்டு இல்லை. புழுதி விதைப்பின் பலமே, விதை காய்ந்த மண்ணில் முளைக்காமல் மழைக்குக் காத்துக் கிடக்கும் என்பதுதான். மழையே இல்லாவிட்டாலும் விதை பெரும்பாலும் தப்பித்துவிடும். முளைக்க வைக்கும் அளவுக்கு மட்டும் பெய்து நின்றுபோகிற மழைதான் அதைக் கொல்லும். மச்சான் வயலில் அதுதான் நடந்தது. ஏக்கருக்கு 30 கிலோவுக்கு மேல் விதை நெல்லை மறுபடி வாங்கி, மறுபடி உழவு ஓட்டி, புரட்டாசியில் இரண்டாம் முறை விதைத்தார்.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இதற்குப் பிறகு நடந்தது. இரண்டு வாரம் முடிந்ததும் அந்தக் குரல் பதிவைப் போட்டவர் 'நான் சொன்னது பலித்தது' என்று ஒரு மழைக் கணக்கையும் போட்டார். கணக்கு சரிதான். அந்த இரண்டு வாரத்து மொத்த மழை இயல்பைவிட அதிகம்தான். ஆவணியில் நம் கடற்கரையின் இயல்பு மிகச் சிறியது. ஒரே ஒரு இடிமழை பெய்தாலே மேல் பத்துக்குள் வந்துவிடும். முன்னறிவிப்பு பலித்தது, பயிர் செத்தது, இரண்டும் ஒரே வயலில் ஒரே மழையால் நடந்தன. இதை அவரிடம் விளக்கிச் சொன்னேன். 'மழை பெய்ததா இல்லையா?' என்று கேட்டார். இன்றைக்கும் புதிதாக வருகிற பிள்ளைகள் அதே சொற்களில் வரைபடத்தை விளக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பேச்சை நம்பி விதைநெல்லில் பணத்தைப் போடப்போவது வேறு ஒருவர் அல்லவா?

அதனால் நிகழ்தகவு வரைபடத்தை ஒருவருக்கு அனுப்புவதற்கு முன், அந்தக் காலத்துக்கான நம் ஊர் இயல்பு எத்தனை மில்லிமீட்டர் என்று தேடிப் பாருங்கள். அதையும் சேர்த்தே சொல்லுங்கள். மொத்தம் எவ்வளவு என்று மட்டும்தான் இது பேசும், எத்தனை நாளில் எப்படிப் பிரிந்து பெய்யும் என்று பேசாது என்பதையும் சொல்லுங்கள். அப்புறம், கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று விசாரியுங்கள். அதே 60 சதவீதம் வாலிநோக்கத்து உப்பளக்காரருக்கு உண்மையிலேயே உதவும். அவருக்கு ஒரு மழை போதும், பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துவிடும். வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்து ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூட ஆகும் செலவு, கரைந்துபோகும் உப்பின் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை. 40 சதவீத வாய்ப்பு என்றாலும் அவர் மூடிவிடலாம். நெல் விதைப்பவருக்கோ 60 சதவீதம் என்றாலும் அவசரப்பட்டு ஆகப்போவது பெரிதாக எதுவுமில்லை.

சின்ன இயல்பின் மேல் பெரிய சதவீதம்

மேலே சொன்னதன் தம்பி இது. வானிலைத் துறையின் மழைக் கணக்கில் இயல்பிலிருந்து 19 சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் அது 'இயல்பு'தான். 20 முதல் 59 வரை கூடினால் 'அதிகம்', 60-க்கு மேல் 'மிக அதிகம்'. ஒரு வாரத்தின் இயல்பு 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 15 மில்லிமீட்டர் பெய்தால் 200 சதவீதம் கூடுதல், மாவட்டமே கருநீலம். ஆனால் கண்மாய்க்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வந்திருக்காது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வாங்குகிற மாவட்டம் இது. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சதவீதத்தைத் தள்ளிவைத்துவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள்.

நாட்டுச் செய்தியை ஊருக்குப் பொருத்துவது

'பருவமழை பலவீனம்' என்று தொலைக்காட்சியில் வந்ததும் நம் ஊருக்கும் மழை இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். தென்மேற்குப் பருவமழைக்கு நாம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருக்கிறோம். பருவமழை வடக்கே வலுவாக இருக்கும்போது நம் பக்கம் வறண்ட மேல்காற்று, அதாவது மேற்குக் காற்றுதான் பலமாக வீசும். வடக்கே அது ஓய்ந்து, தாழ்வழுத்தப் பள்ளம் இமயமலை அடிவாரத்துக்கு நகரும் நாட்களில்தான் இங்கே மேல்காற்று தளர்ந்து, மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்து, சாயங்காலத்தில் வெப்பச்சலன மேகம் எழும்ப வழி பிறக்கும். ஆக, மத்திய இந்தியாவின் மேல் வறட்சி நிறம் காட்டும் வாரத்தில் தமிழ்நாட்டின் மேல் மழை நிறம் இருந்தால் அதைப் பிழை என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் இப்படியே நடக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2023 ஆகஸ்ட், 1901-க்குப் பிறகு நாட்டுக்கே மிக வறண்ட ஆகஸ்ட். மழை இயல்பைவிட 36 சதவீதம் குறைவு. அந்தத் தலைப்புச் செய்தி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு திருவாடானைக்கு எதுவும் சொல்லிவிட முடியாது.

பசிபிக் கடலின் பூமத்திய ரேகைப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவும் இப்படித்தான். அது தென்மேற்குப் பருவமழையைக் குறைக்கும் பக்கம் சாயும். நமக்குச் சோறு போடும் வடகிழக்குப் பருவமழையை அது பெரும்பாலும் கூட்டும் பக்கம் சாயும். 1997-ம் 2015-ம் எல் நினோ ஆண்டுகள். இரண்டிலும் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தது. எல் நினோ என்ற சொல்லைக் கேட்டே விதைப்பைத் தள்ளிப்போட்டவர்களை எனக்குத் தெரியும். சரி, அதே கடல் குளிரும் லா நினா என்றால் வறட்சியா? 2021 லா நினா ஆண்டுதான், மாநிலம் முழுக்க வெள்ளம். சாய்வு என்பது சாய்வு மட்டுமே.

'இயல்பைவிட வெப்பம்' என்றதும் அனல் என்று சொல்வது

இரண்டு பக்கமும் கடல் இருப்பதால் பாம்பனில் ஆகஸ்ட் பகல் வெப்பம் 32, 33 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு அதிகம் மாறாது. அங்கே அரை டிகிரி கூடினாலே மேல் பத்துக்குள் போய்விடலாம். பரமக்குடியில் மலையிறங்கி வரும் வறண்ட காற்று நேராக அடிக்கும். கடல்காற்று வந்து சேர நேரமாகும். அங்கே பகலில் இரண்டு மூன்று டிகிரி ஏறுவது சாதாரணம். வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் ஒரே சிவப்பு நிறம் இருக்கும்.

கடற்கரை ஊர்களுக்குப் பகல் வெப்ப வரைபடத்தைவிட இரவு வெப்ப வரைபடம் முக்கியம். ஈரப்பதம் நிறைந்த இரவில் ஒரு டிகிரி கூடினாலும் வயதானவர்களுக்கும், பகல் முழுக்க உப்பளத்தில் நின்றவர்களுக்கும் உடம்பு தேறாது. இந்தப் படத்தை யாரும் பகிர்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஒரே கட்டத்துக்குள் எல்லா ஊரும்

இத்தகைய வரைபடங்களில் ஒரு கட்டம் சுமார் 100 கிலோமீட்டர் பக்கம் கொண்டதாக இருக்கும். தொண்டியும் ராமநாதபுரமும் ராமேஸ்வரமும் நடுவிலுள்ள கடலும் அதற்குள் அடங்கிவிடும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ராமநாதபுரம் நகரில் அதில் பாதிகூட இல்லை. எந்த இரண்டு வார வரைபடமும் இந்த வித்தியாசத்தைக் காட்டாது. 'தேவிபட்டினத்தில் வரும் வாரம் மழை' என்று இதை வைத்து எழுதாதீர்கள். ஆவணி இடிமழை ஒரு கண்மாயை நிரப்பிவிட்டு அடுத்த ஊரின் புழுதியைக்கூட நனைக்காமல் போகும்.

கைபேசிச் செயலியின் பதினான்காம் நாள்

அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ் என்ற கணினி வானிலைக் கணிப்பு மாதிரி ஒரு நாளைக்கு நான்கு முறை, 16 நாள் வரை ஓடுகிறது. செயலிகள் பலவும் அந்தக் கடைசி நாட்களின் எண்ணை அப்படியே காட்டும்: 14-ம் நாள், மாலை 5 மணி, 37 மில்லிமீட்டர். அடுத்த ஓட்டத்தில் அது 2 மில்லிமீட்டராகிவிடும். அவ்வளவு தொலைவில் ஒரே ஓட்டத்தை நம்பி நாளும் நேரமும் சொல்ல முடியாது. பல ஓட்டங்களைச் சேர்த்துப் பார்த்து, வாரம் முழுவதற்கும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும்தான் சொல்லலாம். அதுவும் மேடன்-ஜூலியன் அலைவு போன்ற மெல்ல நகரும் அமைப்பு ஒன்று பின்னால் இருந்தால்தான் தேறும். 1971-ல் கண்டறியப்பட்ட அந்த அலைவு, பூமத்திய ரேகையை ஒட்டிக் கிழக்கு நோக்கி ஏறத்தாழ 30 முதல் 60 நாளில் ஒரு சுற்று வருகிறது. அது இந்தியப் பெருங்கடலில் வலுவாக இருக்கும்போது வரும் இரண்டு வாரக் கணிப்புக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கலாம்.

நான்காவது வாரம்

பாருங்கள், பகிராதீர்கள்.

கடலுக்குப் போவதற்கு இதைப் பார்ப்பது

கூடவே கூடாது. வடகடலோ தென்கடலோ, அன்றைய மீனவர் எச்சரிக்கையும் அலை அறிவிப்பும் மட்டும்தான்.

ஒரு வியாழனோடு நிறுத்திவிடுவது

முதல் வாரம் சொன்னதை அடுத்த வியாழன் மாற்றிச் சொல்லலாம். மாறினால், முன்பு யாருக்கெல்லாம் சொன்னீர்களோ அவர்கள் அத்தனை பேருக்கும் மறுபடி சொல்லுங்கள். விதைப்பு மாதிரிப் பெரிய முடிவு என்றால் தொடர்ந்து இரண்டு வியாழன் ஒரே பக்கம் சாய்கிறதா என்று பார்த்து, அதோடு ஐந்து நாள் முன்னறிவிப்பும் ஒத்துப்போகும்போது பேசுங்கள். செப்டம்பர் கடைசியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கான கண்ணோட்டம் வரும். அது தமிழ்நாட்டோடு கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமா, தெற்கு உள் கர்நாடகம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் மொத்தக் கணக்கு. நம் மாவட்டத்துக்கு என்று வாசிக்க, கூட வரும் வரைபடத்தில் தென்கிழக்கு மூலையைத் தனியாகப் பாருங்கள்.