செண்டுமல்லி: விதையிலிருந்து பூ வரை

நர்சரியில் பூத்த நிலையில் வாங்கி வந்த செண்டுமல்லி ஒரே மாதத்தில் காய்ந்துவிட்டது, எங்கே தவறு என்று பலரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் தவறு எதுவும் இல்லை. செண்டுமல்லி, ஜீனியா, காசித்தும்பை, கோழிக்கொண்டை ஆகியவை ஒரே பருவத்தில் முளைத்துப் பூத்து, விதை கொடுத்து, ஆயுளை முடித்துக்கொள்ளும் செடிகள். பூத்த செடியை வாங்கும்போது அந்த ஆயுளின் கடைசிப் பகுதியைத்தான் வாங்குகிறோம். விதை போட்டு வளர்த்தால் முழுவதும் நம் வீட்டிலேயே நடக்கும்.

எந்த விதை?

முதன்முறை என்றால் செண்டுமல்லியே போதும். விதை கையில் எடுக்கும் அளவு பெரியது, ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும், சிறு கவனக்குறைவுகளைத் தாங்கும். ஜீனியாவும் எளிதுதான், ஆனால் வேரைத் தொந்தரவு செய்தால் முகம் சுளிக்கும் செடி என்பதால் தொட்டியிலேயே நேரடியாக விதைப்பது நல்லது. வாடாமல்லி விதையைச் சுற்றிப் பஞ்சு போன்ற உறை இருக்கும். ஓர் இரவு ஊறவைத்துப் போட்டாலும் முளைக்க இரண்டு வாரம்கூட ஆகலாம், பொறுமை வேண்டும். பெட்டூனியா விதை தூசு போல இருக்கும், நம் சமவெளி வெயிலும் அதற்கு ஒத்துவராது. அட்டைப் படத்தைப் பார்த்து மயங்கி அதில் தொடங்காதீர்கள்.

பூஜை மாலையிலிருந்து விதை எடுக்கலாமா? எடுக்கலாம், ஆனால் எதிர்பார்ப்பு குறைவாக இருக்கட்டும். சந்தைப் பூக்களை விதை முற்றுவதற்கு முன்பே பறித்துவிடுகிறார்கள். இதழின் அடியில் உள்ள விதை கறுத்து விறைப்பாக இருந்தால் முளைக்கும். வெளுத்து வளைந்தால் வீண். தவிர, அவற்றில் பல கலப்பின ரகங்கள் என்பதால் தாயைப் போலவே பிள்ளை பூக்கும் என்று சொல்ல முடியாது.

எப்போது விதைப்பது?

உயரமான செண்டுமல்லி விதைத்ததிலிருந்து பூக்க ஏறக்குறைய 75 முதல் 90 நாள் எடுக்கும். குட்டை ரகங்கள் 50, 60 நாளிலேயே பூத்துவிடும். பொங்கலுக்குப் பூ வேண்டுமானால் அக்டோபர் நடுவில் விதைக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், அதே நாட்களில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. நாற்றுத் தட்டை மழைச்சாரல் படாத, ஆனால் காலை வெயில் விழும் திண்ணையிலோ சன்ஷேடு அடியிலோ வையுங்கள். ஆயுத பூஜைக்கு என்றால் ஆடி மாதத்திலேயே தொடங்கிவிடலாம். ஏப்ரல், மே மாதங்களை விட்டுவிடுங்கள்.

விதைப்பு

தோட்டத்து மண்ணை அப்படியே போட்டால் நீர் ஊற்ற ஊற்ற இறுகிவிடும். செம்மண், மணல், நன்கு மட்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து சலித்துக்கொள்ளுங்கள். நாற்றுக்குத் தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்ததும் நல்ல தேர்வு. குழித்தட்டு இல்லாவிட்டால் அடியில் துளையிட்ட தயிர் டப்பாக்கள் போதும்.

கலவையை முதலில் நனைத்து, உபரி நீர் வடியட்டும். ஒரு குழிக்கு இரண்டு விதை போட்டு, மேலே அரை சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் மட்கிய உரத்தூளைத் தூவுங்கள். ஆரம்பத்தில் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்: விரலால் குழி தோண்டி விதையை ஆழத்தில் புதைத்துவிடுகிறார்கள். சிறிய விதைக்குள் இருக்கும் சேமிப்பு அவ்வளவு தூரம் மேலேறப் போதாது. கோழிக்கொண்டை விதைக்கு மூடவே வேண்டாம். மணலோடு கலந்து தூவி லேசாக அழுத்தினால் போதும்.

தட்டின்மேல் ஈரச் செய்தித்தாளையோ வைக்கோலையோ பரப்புங்கள். முதல் முளை தெரிந்த அன்றே அதை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிச்சம் தேடி வெளுத்து நீண்டுவிடும்.

எறும்பை மறக்காதீர்கள். விதை முளைக்கவில்லை என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன், எறும்பு தூக்கிக்கொண்டு போயிருக்குமா என்று பாருங்கள். நீர் நிறைந்த அகலத் தட்டில் இரண்டு செங்கல் வைத்து அதன்மேல் நாற்றுத் தட்டை வைத்தால் அந்தக் கவலை இல்லை.

முளைத்த பின் இரண்டு வாரம்

முளைப்பது எளிது. நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று தண்டின் அடிப்பகுதி நைந்து சாய்ந்து கிடப்பதுதான் உண்மையான சோதனை. இது நாற்றழுகல், ஈரமும் நெருக்கமும் சேர்ந்தால் பூஞ்சை பரவுகிறது. மேல்மண் லேசாக உலர்ந்த பிறகு மட்டும் நீர் விடுங்கள், காலையில் விடுங்கள், முடிந்தால் தட்டை நீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்சச் செய்யுங்கள். ஒரு குழியில் இரண்டும் முளைத்திருந்தால் மெலிந்ததைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராது, ஆனாலும் செய்ய வேண்டும். விதைக் கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைச் சேர்ப்பது நல்ல முன்னெச்சரிக்கை.

நடவும் கிள்ளலும்

மூன்று, நான்கு வாரத்தில் நான்கைந்து உண்மையான இலைகள் (முதலில் வரும் விதையிலைகளுக்குப் பின் வருபவை) வந்திருக்கும். மாலை நேரத்தில் 10 அங்குலத் தொட்டிக்கு ஒன்றாக நடுங்கள். தரையில் என்றால் ஓர் அடி, உயர ரகங்களுக்கு ஒன்றரை அடி இடைவெளி. செண்டுமல்லித் தண்டு மண்ணில் புதைந்த இடத்திலும் வேர் விடும் என்பதால், நீண்டுபோன நாற்றைச் சற்று ஆழமாகவே நடலாம். இரண்டு நாள் நிழல், பிறகு குறைந்தது ஐந்து மணி நேர வெயில்.

செடி ஒரு சாண் உயரம் வந்ததும் உயர ரகங்களின் நுனியைக் கிள்ளுங்கள். முதல் பூ சில நாள் தள்ளிப்போகும். பக்கக் கிளைகள் பெருகி, கிளைக்குக் கிளை மொட்டு வரும். கடலைப் பிண்ணாக்குக் கரைசலை வாரந்தோறும் ஊற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு. தழைச்சத்து மிகுந்தால் இலைதான் செழிக்கும், பூ வராது. மாதம் ஒரு முறை நீர்த்து ஊற்றினால் போதும்.

வெயில் கடுமையான நாட்களில் இலையின் அடியில் செம்பேன் என்ற மிகச் சிறிய சாறு உறிஞ்சும் சிலந்தி வரும். இலை புள்ளி புள்ளியாக வெளுத்தால் திருப்பிப் பாருங்கள். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில் இலையடியில் படுமாறு தெளிக்கலாம்.

வாடிய பூக்களை அவ்வப்போது கிள்ளி எடுத்தால் பூப்பு நீளும். அடுத்த பருவத்துக்கு விதை வேண்டுமென்றால் நல்ல இரண்டு பூக்களைச் செடியிலேயே காயவிட்டு, காம்பும் பழுப்பாகிய பிறகு பறித்து, நிழலில் உலர்த்திக் காகித உறையில் பெயரும் மாதமும் எழுதி வையுங்கள். காசித்தும்பைக் காயை மட்டும் வெடிப்பதற்கு முன்பே, கையைக் குவித்துப் பிடித்துப் பறிக்க வேண்டும்.