பாடக் குறிப்பைத் திருத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடர்பியல் துறையின் பாடக் குறிப்புகளை, அதாவது ஒவ்வொரு பாடத்தையும் மாணவருக்கு அறிமுகப்படுத்தும் சிறு பத்திகளை, தெளிவாகவும், எவரையும் ஒதுக்காத மொழியிலும் திருத்தி எழுதும் பணியில் பல ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறேன். அண்மையில் இப்பணிக்குப் புதிதாக வந்த ஆசிரியர்கள் சிலருடைய வரைவுகளைப் படிக்க நேர்ந்தது. அக்கறையோடு எழுதப்பட்டவைதாம், ஆயினும் நான் தொடக்கத்தில் செய்த அதே பிழைகள், ஏறத்தாழ அதே வரிசையில், அவற்றில் இருந்தன. ‘மாணவன்’ என்பதை ‘மாணவர்’ ஆக்குவது, ஆறு வரி நீளும் வாக்கியத்தை உடைப்பது, ஒற்றுப்பிழை பார்ப்பது ஆகியவற்றை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றைச் செய்து முடித்த பிறகும் எஞ்சி நிற்கும் தவறுகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

துறைக்காக எழுதுதல்

பாடக் குறிப்பு என்பது பெரும்பாலும் நூறு சொற்களுக்குள் அடங்கிவிடும் ஒரு பத்தி. அதைப் பாடம் தேர்ந்தெடுக்கும் மாணவர் படிக்கிறார். அவருக்கு வழிகாட்டும் ஆசிரியர் படிக்கிறார். வேறொரு பல்கலைக்கழகத்தில் கிரெடிட்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் குழுவினரும் படிக்கின்றனர். ஆனால் நம் வரைவுகளோ பாடத்திட்டக் குழுவில் அமர்ந்திருக்கும் மூத்த பேராசிரியர்கள் தலையசைக்க வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்டவை போல அமைந்துவிடுகின்றன. ‘இப்பாடமானது தொடர்பியல் கோட்பாடுகளின் பன்முகப் பரிமாணங்களை விமர்சனப்பூர்வமாக அணுகுகிறது’ என்ற வரியைப் படிக்கும் முதலாண்டு மாணவருக்கு, அந்த வகுப்பில் தாம் என்ன செய்யப் போகிறோம் என்பது சற்றும் விளங்காது. ‘ஒரே செய்தியை இருவர் ஏன் இருவேறு விதமாகப் புரிந்துகொள்கின்றனர் என்பதை விளக்கும் ஐந்து கோட்பாடுகளைப் படித்து, ஒவ்வொன்றையும் ஒரு விளம்பரத்திலோ செய்தியறிக்கையிலோ பொருத்திப் பார்ப்போம்’ என்று எழுதினால் விளங்கும். எளிய மொழிக்கென 2023இல் வெளிவந்த பன்னாட்டுத் தர நெறியான ஐஎஸ்ஓ 24495-1, வாசகர் தமக்கு வேண்டியதைக் கண்டடைந்து, புரிந்துகொண்டு, பயன்படுத்த முடிகிறதா என்பதையே தெளிவின் அளவாகக் கொள்கிறது. பயன்படுத்த முடிகிறதா என்னும் கடைசிக் கேள்வியைத்தான் நாம் பெரும்பாலும் கேட்பதில்லை.

எளிமையின் பெயரால் கலைச்சொல்லை நீக்குதல்

ஒரு பாடக் குறிப்பிலிருந்து ‘குறியியல்’ என்ற சொல்லை நானே நீக்கி, ‘படங்களும் சொற்களும் பொருள் தரும் விதம்’ என்று எழுதினேன். வாக்கியம் இனிதாகத்தான் இருந்தது. ஆனால் குறியியல் படிக்க விரும்பிப் பாடப் பட்டியலில் அச்சொல்லைத் தேடிய மாணவருக்கு அந்தப் பாடம் அகப்படவே இல்லை. கலைச்சொல்லை நிறுத்தி, அதே வாக்கியத்தில் அதன் பொருளையும் சொல்லிவிட வேண்டும்: ‘குறியியல், அதாவது சொல்லும் படமும் ஒலியும் எவ்வாறு பொருளைத் தாங்குகின்றன என்பதைப் பற்றிய படிப்பு.’ அச்சொல்லை அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் இவ்வாக்கியம் ஒருசேரப் பயன்படும்.

குறிப்பைத் திருத்தி, மதிப்பீட்டைத் தொடாமல் விடுதல்

இத்தவற்றைப் பற்றி நீண்டு பேச வேண்டியிருக்கிறது. இதை நான் செய்திருக்கிறேன். இன்றும் ஒவ்வொரு வரைவிலும் இதைக் காணும்போது என்னால் அமைதியாக இருக்க முடிவதில்லை.

மேடைப்பேச்சுப் பாடம் ஒன்றின் பழைய குறிப்பு இப்படித் தொடங்கியது: ‘தன்னம்பிக்கையும் சரளமும் மிக்க பேச்சாளனாக மாணவனை உருவாக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.’ இதைத் திருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. ‘பேச்சாளன்’, ‘மாணவன்’ ஆகிய சொற்களை மாற்றினேன்; ‘சரளம்’ என்ற சொல் சிலரை அச்சுறுத்தும் என்று எண்ணி அதையும் எடுத்தேன்; இறுதியில், ‘எல்லா வகையான பேச்சுமுறைகளையும் அனுபவங்களையும் கொண்ட மாணவர்களை இப்பாடம் வரவேற்கிறது’ என்ற வரியைச் சேர்த்தேன். குழு ஒரு திருத்தமும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. நல்ல வேலை செய்துவிட்டேன் என்றே நம்பினேன்.

அந்த வரியை நம்பி, திக்கிப் பேசும் மாணவி ஒருவர் அப்பாடத்தில் சேர்ந்தார். பேச்சுத் தேர்வுக்கான மதிப்பெண் பட்டியல் நான்காம் வாரத்தில் வகுப்பில் கொடுக்கப்பட்டது. மொத்தம் 20 மதிப்பெண். அதில் ‘தடையற்ற ஓட்டத்துக்கு’ 5, ‘அவையோரின் கண்களை நோக்கிப் பேசுவதற்கு’ 5. பாடத்தை மாற்றிக்கொள்வதற்கான கெடு இரண்டாம் வாரத்தோடு முடிந்திருந்தது. அவர் என் அறைக்கு வந்து, பாடக் குறிப்பை எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். மதிப்பெண் பட்டியலையும் அதன் அருகில் குறிப்பையும் மேசைமேல் வைத்துவிட்டு, ‘இரண்டில் எதை நான் நம்பியிருக்க வேண்டும்?’ என்றார். என்னிடம் விடை இல்லை. அவர் பாடத்தைக் கைவிட்டார். கைவிட்டதற்கான குறி அவருடைய மதிப்பெண் சான்றிதழில் ஏறியது.

பழைய குறிப்பு பரிவற்றதாக இருந்தது. ஆனால் அது உண்மையைச் சொன்னது. ‘சரளம்’ என்ற சொல்லைப் பார்த்திருந்தால் அவர் முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் கேட்டிருப்பார், அல்லது வேறு பாடத்துக்குப் போயிருப்பார். நான் செய்தது, தடையை அப்படியே விட்டுவிட்டு, தடை இருப்பதைச் சொல்லும் அறிவிப்பை மட்டும் அகற்றியதுதான். வரவேற்புச் சொற்கள் கூடக் கூட, அவற்றை நம்பி வருபவருக்கு நேரும் இழப்பும் கூடுகிறது.

ஆகவே திருத்தத்தை மதிப்பெண் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு வரியையும் எடுத்து, இப்பாடம் உண்மையில் கற்பிப்பது இதுவா, அல்லது நெடுநாளாக இருக்கிறது என்பதால் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கண்களை நோக்குதல் ஒரு வழிமுறை. கேட்போரின் எதிர்வினையைக் கவனித்து அதற்கேற்பப் பேச்சைத் திருப்புவதே அதன் நோக்கம். நோக்கத்துக்கு மதிப்பெண் கொடுத்தால், பார்வையற்ற மாணவரும், பிறர் கண்களை நேராகப் பார்ப்பது கடினமாக உள்ள ஆட்டிசம் கொண்ட மாணவரும் தத்தமக்கு இயன்ற வழியில் அதை அடையலாம். ‘தடையற்ற ஓட்டம்’ என்பதும் அத்தகையதே. பேச்சின் ஒழுங்கு, எடுத்துக்காட்டுகளின் பொருத்தம், கேட்பவர் பின்தொடர முடிகிற அளவு ஆகியவற்றையே நாம் அளக்க விரும்புகிறோம். திக்குதல் இவற்றில் எதையும் கெடுப்பதில்லை.

சில தேவைகளை நீக்க முடியாது. நேரலைச் செய்தி வாசிப்பைக் கற்பிக்கும் பாடத்தில், குறித்த நேரத்துக்குள் வாசித்து முடிப்பது பாடத்தின் உள்ளடக்கமே. அப்படியானால் அதைக் குறிப்பிலேயே வெளிப்படையாக எழுத வேண்டும். இப்போது அந்த மேடைப்பேச்சுப் பாடத்தின் குறிப்பு இவ்வாறு உள்ளது: ‘மாணவர்கள் அவை முன் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம், உரை நிகழ்த்துவர். பேச்சு மொழியிலோ சைகை மொழியிலோ நிகழ்த்தலாம். முதல் உரையைக் காணொளியாகவும் அளிக்கலாம். உரையின் ஒழுங்கும், சான்றுகளும், கேட்போருக்கேற்ப அமைத்த விதமும் மதிப்பிடப்படும்.’ வரவேற்பு என்ற சொல்லே அதில் இல்லை.

இது எனக்கு இன்னொரு வகையிலும் வலிக்கிறது. அவை முன் பேச நேரும் அச்சத்தை ஆராய்ச்சிப் பொருளாக்கியது நம் துறையே. அமெரிக்கத் தொடர்பியல் ஆய்வாளர் ஜேம்ஸ் மெக்ராஸ்கி 1970இல் அதை அளக்கும் கேள்வித்தொகுதியை வெளியிட்டார். அதன் பிற்கால வடிவங்கள் இன்றும் வகுப்பறைகளில் பயன்படுகின்றன. பேசத் தயங்குவோரைப் பற்றி அரை நூற்றாண்டுக்கு மேல் படித்து வரும் துறை, தன் பாடக் குறிப்பில் அவர்களுக்குத் தேவையான மூன்று தகவல்களை, அதாவது எத்தனை முறை பேச வேண்டும், யார் முன்னிலையில், எவ்வளவு நேரம் என்பவற்றை, எழுதாமல் விடுவதற்குச் சமாதானமே இல்லை.

தொடர்பு என்றால் வாய்ப்பேச்சு என்று கொள்ளுதல்

அமெரிக்காவின் தேசியத் தொடர்பியல் சங்கம் 1914இல் மேடைப்பேச்சு கற்பிக்கும் ஆசிரியர்களின் சங்கமாகத் தொடங்கியது. இடையில் பலமுறை பெயர் மாறியும், ‘பேச்சு’ என்ற சொல் அதன் பெயரிலிருந்து நீங்கியது 1997இல்தான். நம் குறிப்புகளில் அது இன்னும் நீங்கவில்லை. ‘பேச்சும் கேட்டலும்’ என்று எழுதும் இடங்களில் பெரும்பாலும் ‘வெளிப்படுத்தலும் புரிந்துகொள்ளலும்’ என்பதே நாம் கருதிய பொருள். ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, தன் இரண்டாவது பிரிவிலேயே சைகை மொழிகளையும் மொழி என்னும் வரையறைக்குள் சேர்த்துவிட்டது. மொழியைப் பற்றிக் கற்பிக்கும் துறை அதற்குப் பின்தங்கி நிற்கலாகாது.

‘பிறப்பு மொழியாளரைப் போன்ற உச்சரிப்பு’ என்ற தொடரும் இவ்வகையைச் சேர்ந்ததே. பிறப்பு மொழியாளர் எல்லோரும் ஒரே மாதிரி உச்சரிப்பதில்லை என்பதை மொழியியலின் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். ‘கேட்போர் எளிதில் பின்தொடரக்கூடிய உச்சரிப்பு’ என்று எழுதினால், எதை எதிர்பார்க்கிறோம் என்பதும் தெளிவாகிவிடும்.

அடையாளங்களை அடுக்குதல்

பாலினம், மொழி, சமயம், வயது, உடல்நிலை என நீளும் பட்டியலில் யாரேனும் ஒருவர் விடுபட்டே தீருவார். விடுபட்டவர் அதை முதலில் கவனிப்பார். பட்டியலுக்குரிய இடத்தில், செய்து கொடுக்கும் வசதியை எழுதலாம்: ‘எல்லாக் காணொளிகளுக்கும் எழுத்துவரிகள் உண்டு, வாசிப்புப் பகுதிகள் திரைவாசிப்பானில் படிக்கத்தக்க வடிவில் தரப்படும்.’ அதை எழுதும் முன் அவை உண்மையிலேயே இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிடுங்கள்.

‘மாணவன்/மாணவி’

‘மாணவர்’ போதும்.

‘முதலியன’ என்று முடித்தல்

விட்டது எது என்பதை மாணவர் ஊகிக்க வேண்டியதில்லை.

அளக்க இயலாத வினைச்சொற்கள்

‘அறிமுகம் பெறுவர்’, ‘விழிப்புணர்வு அடைவர்’, ‘ஆழ்ந்த புரிதல் பெறுவர்’ ஆகியவை எந்தத் தேர்விலும் சோதிக்க முடியாதவை. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூமின் குழுவினர் கற்றல் நோக்கங்களை வகைப்படுத்தி வெளியிட்டது 1956இல். 2001இல் வந்த திருத்தப் பதிப்பு அவ்வகைகளின் பெயர்களையே வினைச்சொற்களாக மாற்றியது. ‘ஒப்பிடுவர்’, ‘மதிப்பிடுவர்’, ‘எழுதுவர்’, ‘தொகுப்பர்’ என்று எழுதுங்கள். ஆனால் ஒரே பத்தியில் எட்டு வினைகளை அடுக்க வேண்டாம். ஒரு செமஸ்டரில் உண்மையாக நடப்பவை மூன்றோ நான்கோதான்.

பழைய பதிப்பை அழித்தல்

தேதியிட்டுச் சேமித்து வையுங்கள். படித்து முடித்தவர் பல ஆண்டுகள் கழித்தும், தாம் படித்த ஆண்டின் குறிப்பைக் கேட்டு வருவார்.

சக ஆசிரியர்களிடம் மட்டும் படிக்கக் கொடுத்தல்

ஆசிரியர்களுக்குப் பாடம் முன்பே தெரியும். குறிப்பில் இல்லாததையும் தம் நினைவிலிருந்து நிரப்பிக்கொண்டு படிப்பார்கள். அப்பாடத்தைப் படிக்காத இரண்டு மூன்று மாணவர்களிடம் கொடுத்து, அருகில் அமர்ந்து கேளுங்கள். ‘புரிகிறதா?’ என்று கேட்டால், மரியாதைக்காகவேனும் புரிகிறது என்றே சொல்வார்கள். நான் இரண்டு கேள்விகள் கேட்பது வழக்கம். ‘மூன்றாம் வாரத்தில் வகுப்பில் நீங்கள் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்?’ என்பது முதலாவது. ‘இந்தப் பாடத்தில் உங்களுக்கு மதிப்பெண் குறையக்கூடிய இடம் எது?’ என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்விக்குப் பத்தியைப் பார்த்தே அவர்களால் விடை சொல்ல முடியாவிட்டால், வரைவைக் குழுவுக்கு அனுப்பாமல் மீண்டும் மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்காருகிறேன்.