டிடிஎஸ் ஸ்டாஃபாக வெளிநாடு போகிறீர்களா? முதலில் கணக்கு நோட்டை எடுங்கள்

டிடிஎஸ் என்கிற கிறிஸ்தவப் பயிற்சிப் பள்ளியை முடித்து ஊருக்குத் திரும்பிய மூன்றாவது வாரமே "மறுபடியும் போகணும், இந்தத் தடவை ஸ்டாஃபா" என்று வீட்டில் குண்டு போடுகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள். நானும் போட்டவன்தான். தேவன் கொடுத்த அழைப்பு உண்மையா என்று சோதித்துப் பார்க்க ஜெபக்குழுவில் நிறையப் பேர் உதவுவார்கள். ஆனால் என்ன விசா, மாதச் செலவை யார் தருவது, பொழுது விடிந்தால் கழிப்பறை கழுவும் முறை யாருடையது என்று கேட்க ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். அதனால் அழைப்பை உங்களிடமும் உங்கள் பாஸ்டரிடமும் விட்டுவிட்டு, மற்றதை மட்டும் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒய்வாம் என்று நாம் சுருக்கிச் சொல்லும் யூத் வித் எ மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பை லோரன் கன்னிங்ஹாம் 1960-ல் தொடங்கினார். அவர்கள் நடத்தும் சீஷத்துவப் பயிற்சிப் பள்ளிதான் டிடிஎஸ். மொத்தம் ஐந்து, ஆறு மாதம் வரும். முதல் 12 வாரம் போல வகுப்பு, வாரத்துக்கு ஒரு பேச்சாளர், ஒரு தலைப்பு. அப்புறம் 8 முதல் 12 வாரம் அவுட்ரீச், அதாவது குழுவாக வேறு இடத்துக்குப் போய் ஊழியம் செய்வது. இதில் ஸ்டாஃபாக நிற்க நீங்களே ஒரு டிடிஎஸ் முடித்திருக்க வேண்டும். பி.டி., எம்.டிவ். என்று இறையியல் பட்டம் படித்திருந்தாலும் அதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதைக் காட்டி வாதாட வேண்டாம்.

ஒய்வாமில் தலைமை அலுவலகத்துக்கு மனுப் போட்டு இடம் வாங்குகிற வழக்கம் கிடையாது. பேஸ் என்பது ஓர் ஊரில் இருக்கும் அவர்களுடைய மையம், ஒவ்வொரு பேஸும் பணத்திலும் முடிவிலும் தன் காலில் நிற்பது. ஹவாயின் கோனா, ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்று எல்லாவற்றுக்கும் வெளியில் மாட்டியிருக்கும் பெயர் ஒன்று, உள்ளே போனால் ஒவ்வொன்றும் வேறு வீடு. எந்த பேஸ் வேண்டுமோ அதற்கே நேரடியாக எழுத வேண்டும். விண்ணப்பப் படிவம், பாஸ்டர், உங்கள் பழைய டிடிஎஸ் லீடர், உங்களை நன்றாக அறிந்த ஒரு நண்பர் ஆகியோரின் பரிந்துரைகள், பிறகு வீடியோ காலில் ஒரு நேர்காணல். பாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், திடீரென்று ஒரு நாள் ஆங்கிலத்தில் நாலு பக்கக் கேள்வித்தாள் மெயிலில் வந்து நின்றால் எந்தப் பாஸ்டருக்கும் கோபம் வரத்தான் செய்யும். ஒரு ஸ்கூலுக்கு மட்டும் வருகிறேன் என்றால் பல பேஸ்கள் தயங்கும், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கேட்பார்கள்.

நேர்காணலில் நாம் பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி பதில் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். அது தப்பு. கேட்கவும் வேண்டும். எத்தனை மாணவர்களுக்கு எத்தனை ஸ்டாஃப், வாரத்தில் ஓய்வு நாள் உண்டா, எனக்கு யார் பொறுப்பு, அவுட்ரீச்சில் என் பங்குச் செலவு யாருடையது, உடம்பு சரியில்லாமல் போனால் என்ன ஏற்பாடு, குழந்தைகள் பாதுகாப்புக்கு எழுத்தில் விதிமுறை இருக்கிறதா? இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக, "இதற்கு முன்னால் இந்தியப் பாஸ்போர்ட்டில் ஸ்டாஃப் யாராவது உங்களிடம் இருந்திருக்கிறார்களா, அவரிடம் நான் பேசலாமா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் பாதிப் பாரம் குறைந்த மாதிரி. இல்லை என்றால் அந்த நாட்டு விசா விதிகளை அவர்களுக்கு நீங்கள்தான் படித்துக்காட்ட வேண்டியிருக்கும். நான் அதைச் செய்திருக்கிறேன்.

சரி, பணம். ஸ்டாஃபுக்குச் சம்பளம் இல்லை. ஸ்கூல் லீடருக்கும் இல்லை. அது மட்டுமில்லை, சாப்பாட்டுக்கும் அறைக்கும் மாதாமாதம் பேஸுக்கு நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும். இதை வீட்டில் சொன்னபோது அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "வேலையும் செய்து காசும் கொடுக்கணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, அதை மழுப்பாதீர்கள். ஆம், அப்படித்தான். தேவன் தருவார் என்று நம்பி வாழும் 'விசுவாச ஜீவியம்' என்ற வார்த்தையைக் கணக்குப் போடாமல் கிளம்புவதற்குச் சாக்காக வைத்துக்கொள்கிறவர்கள் நாலாவது மாதத்தில் சக ஸ்டாஃபிடம் கடன் கேட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நோட்டில் எழுதுங்கள்: மாத ஸ்டாஃப் கட்டணம், காப்பீடு, போன், கைச்செலவு, விமானச் சீட்டு, விசா, குளிர்நாடு என்றால் ஒரு நல்ல கோட்டும் ஷூவும், அவுட்ரீச், திரும்பி வரும் டிக்கெட். எல்லாவற்றையும் கூட்டித் தங்கப்போகும் மாதங்களால் வகுத்தால் வருவதுதான் நீங்கள் மாதம் திரட்ட வேண்டிய தொகை. மாதம் 40,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொண்டால், அது 2,000 ரூபாய் தருகிற இருபது பேர். "தேவைகள் நிறைய இருக்கு, ஜெபித்துக்கொள்ளுங்க" என்பதைவிட "இன்னும் ஏழு பேர் வேண்டும்" என்று சொல்லும்போது ஜனங்களுக்குப் புரிகிறது. ஒருவர் மொத்தமாக 50,000 தருவதைவிட ஒரு ரிட்டயர்டு டீச்சர் மாதம் 500 ரூபாயை 5-ம் தேதி தவறாமல் போடுவது எனக்குப் பெரிய பலமாக இருந்தது.

நம் சபைகளுக்கு மிஷனரிக் காணிக்கை புதிதல்ல, வட இந்திய மிஷன் களங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக அனுப்புகிறவர்கள்தான். ஐரோப்பாவுக்கு என்றால் மட்டும் புருவம் உயரும். "ஜெர்மனிக்கா? அவங்கதானே தம்பி நமக்கு ஆள் அனுப்பினாங்க?" என்று எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் கேட்டார். உண்மைதான், ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினார், ஹெர்ன்ஹூட்டின் மொரேவியர்கள் என்ற சபைப் பிரிவினரும் 1760-ல் அதே தரங்கம்பாடிக்கு வந்தார்கள். அவரிடம் வாதம் செய்யாமல், அங்கே நான் செய்யப்போவது என்ன என்று வேலையை வேலையாகச் சொன்னேன். பயிற்சிக்கு வரும் இருபது சொச்சம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்றதும் புரிந்துகொண்டார், காணிக்கை தரவில்லை என்பது வேறு விஷயம்.

பணம் போகிற வழியும் நேராக இருக்கட்டும். மாதாமாதம் பணம் தந்து தாங்குகிறவர்கள் உங்கள் சொந்தக் கணக்கில் போடட்டும், அங்கிருந்து வங்கி வழியாக, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கேட்கும் ஏ2 படிவம் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பலாம். கையில் கட்டுக்கட்டாக எடுத்துப் போக வேண்டாம். வெளிநாட்டு நண்பர் யாராவது உங்களுக்காக உங்கள் ஊர்ச் சபைக் கணக்குக்குப் பணம் அனுப்புகிறேன் என்றால் உடனே தடுத்துவிடுங்கள். எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு இல்லாத சபை வெளிநாட்டு நன்கொடை வாங்கினால் மாட்டிக்கொள்வது உங்கள் பாஸ்டர்.

விசாவில்தான் நம் ஆட்கள் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். சம்பளம் இல்லை, அதனால் இது வேலை இல்லை, அதனால் டூரிஸ்ட் விசா போதும் என்று ஒரு கணக்குப் போடுவார்கள். குடியேற்ற அதிகாரி அப்படிப் போட மாட்டார். பிரிட்டனில் விசிட்டராக வந்தவர் பதிவு பெற்ற அறநிறுவனத்தில் 30 நாள் வரைதான் தன்னார்வ வேலை செய்யலாம். அதற்கு மேல் என்றால் சாரிட்டி வொர்க்கர் விசா, 12 மாதம் வரை, அதற்கு உங்களை அழைக்கிற இடம் ஸ்பான்சர் உரிமம் வைத்திருந்து ஸ்பான்சர்ஷிப் சான்று தர வேண்டும். அமெரிக்காவில் ஆர்-1 என்ற மத ஊழியர் விசா என்றால் அழைக்கிற அமைப்பே முதலில் ஐ-129 மனுப் போட வேண்டும், நீங்களும் அதே சபைப் பிரிவில் குறைந்தது இரண்டு வருஷம் அங்கத்தினராக இருந்திருக்க வேண்டும். ஜெர்மனியில், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்க முடியும், ஒரு ஸ்கூலுக்கே அது காணாது, இங்கிருந்தே தேசிய விசா வாங்கிப் போய் அங்கே முகவரிப் பதிவு, காப்பீடு, தங்கும் அனுமதி அட்டை என்று வரிசையாக முடிக்க வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், விண்ணப்பிக்கிற வாரத்தில் தூதரகத் தளத்தை நீங்களே திறந்து பாருங்கள். "முதலில் விசிட்டரா வந்துடுங்க, இங்கே வந்து பார்த்துக்கலாம்" என்று என்னிடமும் ஓர் இடத்தில் அன்பாகச் சொன்னார்கள், நான் அந்த இடத்துக்குப் போகவில்லை. போலீஸ் சான்றிதழ் கேட்பார்கள், பாஸ்போர்ட் சேவா தளத்திலேயே விண்ணப்பிக்கலாம், முகவரி மாறியிருந்தால் நாளாகும்.

இன்னொரு சிக்கல் அவுட்ரீச். ஸ்கூல் பாதி ஓடியபிறகுதான் எந்தக் குழு எந்த நாட்டுக்கு என்று முடிவாகும். ஜெர்மன், அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற பிள்ளைகள் டிக்கெட் போட்டால் போதும், நமக்கோ அதே நாட்டுக்கு விசா வேண்டும், தங்கும் அனுமதி அட்டை இன்னும் கைக்கு வராமல் இருக்கும், அதில்லாமல் வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பது தனிக் கவலை. என் குழு கிளம்பி ஒன்பது நாள் கழித்து நான் தனியாகப் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் அவர்கள் எல்லோரும் ஒருமுறை வயிற்றுப்போக்கில் விழுந்து எழுந்திருந்தார்கள். நாடுகளைப் பேச ஆரம்பிக்கும் முதல் கூட்டத்திலேயே வாய் விட்டுச் சொல்லிவிடுங்கள்: "எனக்கு இந்த நாட்டுக்கு இத்தனை வாரம் வேண்டும்."

வேலை என்னவென்றால், மேடை கிடையாது. பேச்சாளரை ரயில் நிலையத்திலிருந்து கூட்டிவருவது, படுக்கை விரிப்பு எண்ணுவது, வருகைப் பதிவு, ஜெப வேளை நடத்துவது, பாத்திரம் கழுவும் குழுவோடு நின்று கழுவுவது, மாணவர்கள் எழுதிய நோட்டுகளைப் படித்துக் குறிப்பெழுதுவது, அவுட்ரீச்சில் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் பணமும் இடுப்புப் பையில், ரசீதுகள் ஒரு பழைய கவரில். இதற்கு நடுவில்தான் ஒன்-ஆன்-ஒன். வாரம் ஒரு முறை உங்கள் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு மாணவரோடும் ஒரு மணி நேரம் தனியாக உட்கார வேண்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண்.

வகுப்பில் பிதாவின் இருதயத்தைப் பற்றிய, அதாவது தேவனை அன்பான தகப்பனாகப் பார்ப்பது பற்றிய வாரம் ஒன்று வரும். செவ்வாய்க்கிழமை இரவு பதினோரு மணிக்குத் துணி துவைக்கும் அறையில் மெஷின் நிற்கக் காத்திருந்தேன். ஒரு பையன் வந்து காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். பத்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "என் அப்பா என்னை ஒரு தடவைகூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை" என்றான். எனக்கு உடனே வசனம் சொல்லத்தான் நாக்கு துடித்தது. சொல்லாமல் இருந்தது நல்லது, ஏனென்றால் அதற்கப்புறம்தான் அவன் நிஜமாகப் பேசினான். நாம் ஆலோசகர்கள் இல்லை என்பதை மட்டும் மறக்கக் கூடாது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கேட்டால் சத்தியம் பண்ணாதீர்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, யாரோ தன்னைச் சீண்டியது என்று பேச்சு வந்தால் அன்று இரவே லீடருக்குச் சொல்லியாக வேண்டும், அதை அந்த மாணவரிடமும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பழக்கவழக்கத்தில் எனக்குக் கஷ்டமாக இருந்தது பெயர். அறுபது வயது லீடரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஐயா இல்லை, அண்ணா இல்லை, பிரதர்கூட இல்லை. இரண்டு வாரம் அவரைக் கூப்பிடாமலேயே எதிரில் போய் நின்று சமாளித்தேன். அதைவிடப் பெரிய தொல்லை நம்முடைய தலையாட்டல். "சனிக்கிழமை சமையலறையும் பார்த்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டால் அவர்கள் நிஜமாகவே கேட்கிறார்கள், முடியாது என்றால் வேறு ஆளைப் பார்ப்பார்கள். நாம் சரி சரி என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் புழுங்குவோம். என் ஓய்வு நாள் இரண்டு மாதம் அப்படித்தான் போனது, அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை. பொடி, ஊறுகாய் எடுத்துப் போங்கள், ஆனால் பொது அறையில் கருவாடு வறுக்காதீர்கள், புகை அலாரம் அடித்துக் கட்டடமே வாசலில் வந்து நிற்கும்.

மாதம் ஒரு கடிதம் தாங்குகிறவர்களுக்கு எழுதுங்கள், வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் போதும். எல்லா மாதமும் அற்புதம் நடக்காது. "இந்த மாதம் நாற்பது மெத்தை மாற்றினோம், ஜலதோஷம், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியதற்குத்தான் எனக்கு அதிகம் பதில் வந்தது. மாணவர்களின் கதையை, படத்தை அவர்கள் அனுமதி இல்லாமல் போடாதீர்கள். வாளியில் உட்கார்ந்த அந்தப் பையன் இதை எழுதச் சம்மதித்துத்தான் எழுதுகிறேன்.

திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணத்தை முதலிலேயே பிரித்து அப்பா கணக்கில் போட்டுவிடுங்கள், ஏடிஎம் கார்டு அவரிடமே இருக்கட்டும். நடுவில் அவுட்ரீச்சுக்குப் பணம் குறையும், அந்தத் தொகையின் நினைவு வரும், போன் செய்வீர்கள். "அது வர்றதுக்கு வெச்சது" என்று சொல்லி எங்கப்பா போனை வைத்துவிட்டார்.