ஜியூஐடி பைட் வரிசை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் ஒரு கண்டாங்கிச் சேலைக் கடை என்று வைத்துக்கொள்வோம். கல்லாவில் இருக்கும் போனில் ஓடுவது ஜாவா ஆப். கணக்கு பார்க்கும் சர்வர் மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட்டில் எழுதியது, அதற்குப் பின்னால் டேட்டாவை வைத்திருப்பது எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ். ஒவ்வொரு சேலைக்கும் ஒரு ஜியூஐடி, அதாவது வேறெதற்கும் வராத தனி அடையாள எண். லேபிளை ஸ்கேன் செய்தால் "அப்படி ஒரு சேலை இல்லை" என்கிறது சர்வர். சேலையோ கையில் இருக்கிறது, எரர் எதுவும் பதிவாகவில்லை. இப்படி ஒரு புகார் வந்தால் பைட் வரிசையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஜியூஐடி என்றாலும் யூயூஐடி என்றாலும் ஒன்றுதான்: 16 பைட். எழுத்தில் எழுதினால் 4 ஹைபனோடு சேர்த்து 36 இடம். எழுத்து வடிவத்தில் தகராறே கிடையாது. பைட்டாக மாற்றும்போதுதான் ஊருக்கு ஒரு வழக்கம். இணையத் தர ஆவணங்களான ஆர்எஃப்சிகளில் 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4122, அதற்குப் பதிலாக 2024-இல் வந்த ஆர்எஃப்சி 9562 இரண்டுமே எழுத்தில் உள்ள வரிசையிலேயே பைட்டையும் வைக்கச் சொல்கின்றன. மைக்ரோசாஃப்ட் வழக்கம் வேறு. அங்கே முதல் பகுதி 4 பைட் எண், அடுத்த இரண்டும் 2 பைட் எண்கள், மீதி 8 பைட்டும் தனித்தனி. இன்டெல் சிப்பில் எண்ணின் கடைசி பைட்தான் நினைவகத்தில் முதலில் உட்காரும். அதனால் முதல் மூன்று பகுதிகள் மட்டும் உள்ளுக்குள் திரும்பிவிடும்.

12345678-1234-4321-8765-123456789012 என்ற ஐடியை டாட்நெட்டில் பைட்டாகக் கேட்டால் 78 56 34 12 34 12 21 43 என்று தொடங்கும் (இரண்டு இலக்கம் ஒரு பைட்). அப்புறம் 87 65 முதல் எல்லாம் அப்படியே. ஜாவா பக்கம் அதை வரிசையாகப் படித்தால் கிடைப்பது 78563412-3412-2143-8765-123456789012. இதுவும் பார்வைக்கு நல்ல ஐடிதான், அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. நகரத்தார் விலாசத்தில் (முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த குடும்பக் குறி) எழுத்துகள் இடம் மாறினால் அதுவும் ஒரு விலாசம்போலவே இருக்கும், ஆனால் வேறு வீட்டுக் கணக்கு.

ஹைபனை எடுத்துவிட்டால் பைட் வந்துவிடும் என்று நினைப்பது முதல் தவறு. திரும்பியிருக்கிறது என்று தெரிந்ததும் 16 பைட்டையும் மொத்தமாகத் திருப்பிப் போடுவது அதைவிட மோசம், கடைசி எட்டும் கெட்டுவிடும்.

சோதனையில் நடக்கும் தவறு இன்னும் நுட்பமானது. 11111111-1111 என்று ஒரே இலக்கமாகப் போட்டுச் சோதித்தால் திருப்பினாலும் அதேதான் வரும். டாட்நெட்டில் எழுதி டாட்நெட்டிலேயே படித்தாலும் எல்லாம் பாஸ் ஆகும். ஒரு மொழியில் எழுதியதை இன்னொரு மொழியில் படித்துப் பாருங்கள், மேலே உள்ளதுபோல் இலக்கம் மாறி மாறி வரும் ஐடியோடு.

திரும்பியதைக் கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. மூன்றாவது பகுதியின் முதல் இலக்கம் வெர்ஷன், அதாவது ஐடி எந்த முறையில் உருவானது என்பதன் எண். ஜாவாவும் டாட்நெட்டும் வழக்கமாக உருவாக்கும் ஐடியில் அது 4. பைட் திரும்பினால் அந்த 4 மூன்றாவது இடத்துக்குப் போய்விடும், மேலே 4321 என்பது 2143 ஆனதுபோல. டேபிளில் பத்து ரோவை எடுத்துப் பாருங்கள். பத்திலும் 4 மூன்றாவது இடத்தில் நின்றால் சந்தேகமே வேண்டாம்.

என்னைக் கேட்டால், இரண்டு சிஸ்டங்களுக்கு நடுவே எழுத்து வடிவத்திலேயே அனுப்புங்கள். 20 பைட் மிச்சம் பிடிக்க இந்தத் தலைவலி தேவையில்லை. பைட்தான் வேண்டும் என்றால் எந்த வரிசை என்று ஏபிஐ (இரண்டு சிஸ்டங்களும் பேசிக்கொள்ளும் வழி) விளக்கத்திலேயே எழுதிவிடுங்கள். டாட்நெட் 8 முதல் எழுத்து வரிசையிலேயே பைட்டைக் கேட்டு வாங்கலாம். பைத்தானில் இரண்டு வரிசைக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. மாங்கோடிபி டேட்டாபேஸில் ஐடியைப் பைட்டாக வைக்கும் பழைய 3-ஆம் துணைவகையை விட்டு 4-ஆவதற்கு வாருங்கள். பழையதில் ஜாவா, சி ஷார்ப் டிரைவர்கள் ஆளுக்கொரு வரிசையில் எழுதின. எஸ்க்யூஎல் சர்வர் ஐடியை வரிசைப்படுத்தும்போது கடைசி 6 பைட்டைத்தான் முதலில் பார்க்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

புரோகிராமைத் திருத்திவிட்டுப் பழைய டேட்டாவை மறப்பதும் நடக்கிறது. திருத்தும் ஸ்கிரிப்ட் இரண்டு முறை ஓடினால் எல்லாம் பழைய தப்புக்கே திரும்பும். அதனால் பேக்கப் எடுத்த கையோடு, திருத்திய ரோவைக் குறிக்க டேபிளில் தனியாக ஒரு நெடுவரிசை சேர்த்துவிட்டு ஓட்டுங்கள். எந்த ஐடி சரி என்று குழப்பம் வந்தால், சேலையில் அச்சடித்துத் தொங்கும் லேபிளோடு ஒப்பிடுங்கள்.