உங்கள் வீட்டில் வேறு ஆள் புகுந்துவிட்டால்: ஒரு வக்கீல் குமாஸ்தாவின் குறிப்புகள்

வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீட்டுக்குள் யாராவது புகுந்து உட்கார்ந்துகொண்டால், வக்கீல் ஆபீசுக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பூட்டை உடைச்சு வெளிய தள்ளிடலாமா சார்?" என்பதுதான். தமிழ்நாட்டு கோர்ட்டுகளில் குமாஸ்தாவாகவே காலத்தை ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், தள்ளாதீர்கள்.

நேற்று ராத்திரி நுழைந்தவன் வேறு. கட்டில், பாத்திரம், கேஸ் அடுப்பு என்று போட்டு மாதக்கணக்கில் குடியிருப்பவன் வேறு. முந்தையவனுக்கு உடனே போலீஸைக் கூப்பிடலாம். பிந்தையவனிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லாவிட்டாலும், அவன் நிலைபெற்ற அனுபவத்தில், அதாவது வீட்டைக் கையில் வைத்து ஆண்டு அனுபவிக்கும் நிலையில், இருப்பதாகத்தான் சட்டம் பார்க்கும். அப்படிப்பட்டவரை உரிமையாளரே ஆனாலும் சட்டப்படிதான் வெளியேற்ற வேண்டும் என்று ராமே கவுடா வழக்கில் 2003-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆள் வைத்துத் தூக்கிப் போட்டால் உங்கள் மேலேயே எஃப்.ஐ.ஆர். வரும். கரண்டை வெட்டுவதும் தண்ணீரை நிறுத்துவதும் அதே ரகம்தான். அதையே காரணம் காட்டி உங்களுக்கு எதிராகத் தடையுத்தரவு வாங்கப் பார்ப்பார்கள்.

அடுத்து, உள்ளே இருப்பது யார் என்று பாருங்கள். வாடகைக்கு வந்து காலிசெய்யாதவர் அத்துமீறி நுழைந்தவர் அல்ல. அவருக்குத் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வாடகை நீதிமன்றம் என்ற தனி வழி இருக்கிறது. நீங்களே சாவி கொடுத்து வைத்த காவல்காரரோ உறவினரோ என்றால், முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, கொடுத்த அனுமதியை ரத்து செய்ய வேண்டும். போலிப் பத்திரம் காட்டுகிறார் என்றால், 2011-ல் தொடங்கிய காவல்துறையின் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவுக்குப் புகார் போக வேண்டும். இது எதுவுமே இல்லாமல் பூட்டை உடைத்து வந்தவர்தான் இங்கே நம் விஷயம்.

தெரிந்த அன்றைக்கே செய்ய வேண்டியது காகித வேலை. தாய்ப் பத்திரம், உங்கள் பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் இன்றைய தேதி வரைக்கும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது பதிவாகியிருந்தால் அதில் தெரிந்துவிடும். அப்புறம் மின்கட்டணம். வீடு பூட்டிக் கிடந்த மாதங்களில் யூனிட் ஏறியிருக்காது, ஆள் வந்த பிறகு ஏறத் தொடங்கியிருக்கும். எப்போது நுழைந்தார்கள் என்பதற்கு அந்தப் பழைய பில்களைவிட நல்ல சாட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கோர்ட்டுக்கு வரத் தயங்குவார், பில் தயங்காது. வரியையும் மின்கட்டணத்தையும் உங்கள் பெயரிலேயே தொடர்ந்து கட்டிக்கொண்டிருங்கள்.

புகாருக்குப் போனால், ஸ்டேஷனில் பெரும்பாலும் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். பாதி உண்மை. வீட்டுக்குள் அத்துமீறி நுழைவது பாரதிய நியாய சன்ஹிதா 329-வது பிரிவில் குற்றம், ஓராண்டு வரை சிறை உண்டு. எழுத்தில் புகார் கொடுத்து, மனு ரசீதாவது வாங்காமல் வெளியே வராதீர்கள். வழக்குப் பதியவில்லை என்றால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போடலாம். ஆனால் கிரிமினல் வழக்கு ஒன்றை மட்டும் நம்பி வீடு கைக்கு வரும் என்று காத்திருக்கக் கூடாது. அது அழுத்தம் கொடுக்கும், அவ்வளவுதான். சாவியைக் கொடுப்பது சிவில் கோர்ட்.

சிவில் கோர்ட்டில் இரண்டு வாசல்கள். முதல் வாசல் சீக்கிரம் சாத்திவிடும். குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 1963, 6-வது பிரிவு. உங்கள் சம்மதம் இல்லாமல், சட்ட நடவடிக்கையும் இல்லாமல் உங்கள் அனுபவம் பறிக்கப்பட்டது என்று மட்டும் நிரூபித்தால் போதும். சொத்து யாருக்குச் சொந்தம் என்ற ஆராய்ச்சிக்கே அங்கு இடமில்லை. தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது, அதிகபட்சம் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு (ரிவிஷன்) மனுதான். உங்கள் வாடகைதாரரை விரட்டிவிட்டு ஒருவர் புகுந்திருந்தாலும், அவர் மூலமாக நீங்கள் அனுபவத்தில் இருந்ததாகச் சொல்லி நீங்களே வழக்குப் போடலாம். ஆனால் காலக்கெடு 6 மாதம். அது உங்களுக்குத் தெரிய வந்த நாளிலிருந்து ஓடுவதில்லை, அனுபவம் பறிபோன நாளிலிருந்து ஓடுகிறது. "தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது பாத்துக்கலாம்" என்று விட்டவர்கள் இழப்பது இந்த வாசலைத்தான். இன்னொன்று, இந்தப் பிரிவு இருபக்கமும் வெட்டும். நீங்கள் பலாத்காரமாக வெளியேற்றினால், அவரே இதே பிரிவில் உங்கள் மேல் வழக்குப் போட இடமுண்டு.

6 மாதம் கடந்துவிட்டதா? சரி, இரண்டாவது வாசல் திறந்தே இருக்கிறது. உரிமையின் அடிப்படையில் சுவாதீனம், அதாவது வீட்டைக் கையில் ஒப்படைக்கச் சொல்லி, கேட்டு வழக்கு, கெடு 12 ஆண்டுகள். எதிராளி உங்கள் உரிமையையே மறுக்கிறார் என்றால் உரிமை விளம்புகையையும், அதாவது சொத்து உங்களுடையதுதான் என்று கோர்ட் அறிவிப்பதையும், சேர்த்துக் கேட்க வேண்டும். வெறும் தடையுத்தரவு வழக்கு மட்டும் போட்டுவிட்டு உட்காராதீர்கள். அனுபவம் உங்களிடம் இல்லாதபோது அது நிற்காது. கோர்ட் கட்டணம் சொத்தின் மதிப்பைப் பொறுத்து 3 சதவீதம், அதைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். கூடவே, அவர்கள் இருந்த காலத்துக்கான இடைக்கால வருமானத்தையும் (அந்தக் காலத்தில் வீட்டை அனுபவித்ததற்கான இழப்பீடு) பிராதிலேயே, அதாவது வழக்கு மனுவிலேயே, கேளுங்கள்.

12 வருஷம் இருந்துவிட்டால் வீடு அவர்களுக்கே என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. உங்கள் அனுமதியோடு இருந்தவருக்கு அது பொருந்தாது. காவல்காரரோ வேலையாளோ எத்தனை வருஷம் இருந்தாலும் உரிமை வராது என்று மரியா மார்கரிடா வழக்கில் 2012-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. உங்கள் உரிமைக்கு எதிராக, வெளிப்படையாக, இடைவிடாமல் 12 வருஷம் இருந்ததாக அவர்தான் நிரூபிக்க வேண்டும். அதற்காகத் தள்ளிப்போடவும் கூடாது. கெடு முடிந்தால் வழக்கு மட்டுமல்ல, உரிமையே போய்விடும்.

இப்போது குமாஸ்தா வேலை. பிராதின் கடைசியில் வரும் சொத்து விவரத்தை வக்கீல்கள் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே இறக்கிவிடுவார்கள். பத்திரத்தில் பழைய கதவு எண், வரி ரசீதில் புதிய எண், பட்டாவில் உட்பிரிவான சர்வே எண். நாலு பக்க மாலிலும் (எல்லை விவரம்) கிழக்கே "காலிமனை" என்று இருக்கும், அங்கே இப்போது மாடி வீடு நிற்கும். ஜெயித்து, வீட்டை ஒப்படைக்கும் கோர்ட் வாரண்டு வாங்கிப் போனால், அமீனா (கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வரும் ஊழியர்) சொத்தை அடையாளம் காண முடியவில்லை என்று எழுதி வாரண்டைத் திருப்பிவிடுவார். அதனால் பழைய எண், புதிய எண் இரண்டும், இன்றைய நாலு மால், முடிந்தால் ஒரு வரைபடமும் வேண்டும். உள்ளே இருக்கும் பெரியவர்கள் எல்லோரையும் பிரதிவாதியாகச் சேருங்கள். ஒருவரை விட்டால், வீட்டை ஒப்படைக்கும் டெலிவரி அன்றைக்கு அவர் "எனக்குத் தனி உரிமை இருக்கு" என்று வாசலில் மறிப்பார், அதற்குத் தனி விசாரணை.

வழக்குப் போட்ட கையோடு, சொத்தை விற்கவோ வேறு ஆளை உள்ளே விடவோ கூடாது என்று இடைக்காலத் தடை கேளுங்கள். வீட்டின் நிலையைப் பதிவுசெய்ய வக்கீல் கமிஷனர் (நேரில் பார்த்து அறிக்கை தர கோர்ட் நியமிக்கும் வக்கீல்) கேட்டும் மனுப் போடலாம். எதிராளி முந்திக்கொள்வார் என்று சந்தேகம் வந்தால் கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற முன்மனு) போட்டு வையுங்கள், 90 நாள் செல்லும். வெளிநாட்டில் இருப்பவர்கள் பவர் கொடுத்தால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பி, இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். சாவியை ஒப்படைக்கும் அளவுக்கு நம்புகிற ஆளுக்கே பவர் கொடுங்கள். விற்கும் அதிகாரம் அதில் தேவையில்லை.

தீர்ப்பு வந்தால் அவர்களாகக் காலிசெய்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம், தீர்ப்பை அமல்படுத்தச் சொல்லி நிறைவேற்றுகை மனுப் போட வேண்டும். பூட்டு உடைக்க அனுமதியும் போலீஸ் பாதுகாப்பும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் அமீனா பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். பூட்டுத் திறக்கும் ஆள், புதுப் பூட்டு, இரண்டு சாட்சிகள் எல்லாம் உங்கள் பொறுப்பு. உள்ளே கிடக்கும் சாமான்களை ஒவ்வொன்றாகப் பட்டியல் எழுதச் சொல்லுங்கள், ஓட்டை வாளியாக இருந்தாலும் எழுத வேண்டும். பின்னால் "நகை இருந்துச்சு" என்ற புகார் வரும். டெலிவரி ரசீதில் கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே புதுப் பூட்டு மாட்டி, ரசீதின் நகலை ஸ்டேஷனில் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். அதே ஆட்கள் மறுபடி பூட்டைத் தொட்டால், கோர்ட் ஒப்படைத்த வீடு என்று காட்ட அந்த நகல் வேண்டும்.