ஓட்டல், லாட்ஜ் தண்ணீர் மீட்டர் தப்பாக ஓடினால் எப்படிக் கண்டுபிடிப்பது?

நின்றுபோன மீட்டர் உடனே கண்ணில் படும். ஓடிக்கொண்டே தப்பாகக் காட்டுகிற மீட்டர்தான் செலவு வைக்கும். அதைக் கழற்றும் முன் சோதித்துப் பாருங்கள். கோளாறு குழாயில் இருந்தால் புது மீட்டரும் அப்படித்தான் காட்டும்.

தண்ணீர் வரும் நேரத்தில் சம்ப்பின் ஃப்ளோட் வால்வைத் தூக்கிக் கட்டுங்கள். மீட்டர் முகப்பில் உள்ள சின்ன நட்சத்திரச் சக்கரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மண்ணுக்கடியில் குழாய் கசிகிறது, அல்லது ஃப்ளோட் வால்வின் வாஷர் போய்விட்டது. அது மீட்டரின் குற்றமல்ல.

அடுத்தது அளவுச் சோதனை. மோட்டாரை நிறுத்திவிட்டு சம்ப்பை நிரப்புங்கள். உள் அளவு 3 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால், 50 செ.மீ. ஏறினால் 3,000 லிட்டர். மீட்டர் 2,700 காட்டினால் 10 சதவீதம் குறைவு. அளவுகோல் ஒரு செ.மீ. பிசகினாலே 60 லிட்டர் போய்விடும். அதனால் பத்து செ.மீ. ஏற்றத்தோடு நிறுத்தாதீர்கள். பிறகு வால்வை நன்றாக ஒடுக்கி, மெல்லிய ஓட்டத்தில் 200 லிட்டர் டிரம்மை நிரப்பிப் பாருங்கள். பலர் விட்டுவிடும் சோதனை இது, பெரும்பாலும் குட்டு வெளிப்படுவதும் இதில்தான். தண்ணீர் மீட்டருக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4064 புது மீட்டருக்குப் பொதுவாக அனுமதிக்கும் பிழை வழக்கமான ஓட்டத்தில் 2 சதவீதம், மிகக் குறைந்த ஓட்டத்தில் 5 சதவீதம்.

மெல்லிய ஓட்டத்தில் மட்டும் குறைவாகக் காட்டினால் மீட்டர் அளவுக்கு மீறிப் பெரியதாக இருக்கலாம். மணிக்கு 25 கிலோலிட்டர் தாங்கும் ஆர்80 மீட்டர் (தாங்கும் ஓட்டத்தில் 80-ல் ஒரு பங்கு வரை சரியாகக் காட்டும் வகை), மணிக்கு சுமார் 312 லிட்டருக்குக் கீழே சரியாகக் காட்ட வேண்டிய கட்டாயமே இல்லை. சம்ப் நிரம்பும்போது ஃப்ளோட் வால்வு மெதுவாக மூடி, நூல்போல ஒழுகவிடுவது இந்த எல்லைக்குள்தான். மட்டம் இறங்கியதும் முழுக்கத் திறந்து, நிரம்பியதும் சட்டென மூடும் வால்வைப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். உள்ளே உப்பு படிந்தாலும் தேய்ந்தாலும் இதே அறிகுறிதான்.

கூடுதலாகக் காட்டினால் காற்றைச் சந்தேகியுங்கள். விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் ஊர்களில், குழாயில் நிற்கும் காற்றை முதல் தண்ணீர் தள்ளிக்கொண்டு வரும்; மீட்டர் பேயாய்ச் சுற்றும், அச்சும் தேயும். மீட்டருக்கு முன்னால் ஏர் வால்வு வையுங்கள். மீட்டர் குழாயின் உயரமான இடத்தில் இருக்கக் கூடாது. சல்லடை பாதி அடைத்தால், மீதித் துளைகளில் தண்ணீர் வேகமாகப் பாய்ந்து சில மீட்டர்களில் கூடக் காட்டும்.

பொருத்தும் முறை: மல்டிஜெட் மீட்டர் (பல துளைகள் வழியே தண்ணீர் பாய்ந்து சக்கரத்தைச் சுற்றும் வகை) மட்டமாக, முகப்பு மேலே பார்க்க இருக்க வேண்டும். 80 மி.மீ. வோல்ட்மன் மீட்டருக்கு (உள்ளே விசிறி சுழலும் பெரிய குழாய் மீட்டர்) முன்னால் 80 செ.மீ., பின்னால் 40 செ.மீ. வளைவில்லாத குழாய் விடுவது நல்லது.

செலவுக் கணக்கு எளிது. நாளுக்கு 15 கிலோலிட்டர் எடுக்கும் லாட்ஜில் மீட்டர் 10 சதவீதம் கூட ஓடினால் மாதம் 45 கிலோலிட்டர் தண்டம். உங்கள் கட்டணத்தால் பெருக்குங்கள். கழிவுநீர்க் கட்டணமும் தண்ணீர் அளவை ஒட்டி வந்தால் அதையும் சேருங்கள். குறைவாக ஓடுவதை லாபம் என்று விட்டுவிட வேண்டாம். பழுது தெரிந்தபின் பழைய மாதங்களின் சராசரியில் பில் வரலாம். அந்த மாதங்கள் முகூர்த்த சீசனாக இருந்தால் இன்னும் வலிக்கும்.

வாரியத்து மீட்டரின் சீலைத் தொடாதீர்கள். சோதனைக்கு முன்னும் பின்னும் ரீடிங்கைத் தேதியோடு படமெடுத்து, கணக்கையும் இணைத்து, மீட்டரைச் சோதித்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.