குறுந்தொகையிலிருந்து வகுப்புக்கு ஒரு பாட்டு: நான் எழுதிய விதம்

இந்த செமஸ்டரில் தமிழ்ப் பாடத்துக்கு எங்களுக்குக் கொடுத்த ஒப்படைப்பு இது: ஒரு சங்கப் பாடலை எடுத்துக்கொண்டு சொந்தமாக ஒரு பாட்டு எழுதி, மெட்டும் போட்டு, மூன்று நிமிடத்துக்குள் வகுப்பில் பாட வேண்டும். எனக்குப் பாட்டெழுதிப் பழக்கம் இல்லை, குரலும் சுமார்தான். இரண்டு தடவை சொதப்பி மூன்றாவது தடவை சரியாக வந்தது. திணை, துறை எல்லாம் வகுப்பில் கேட்டிருப்பீர்கள், அதை இங்கே விளக்கப் போவதில்லை.

1. பாடலைத் தேர்ந்தெடுப்பது

குறுந்தொகைக்கே போங்கள். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிதான், மனதில் நிற்கும். ஆனால் செம்மண்ணும் மழைநீரும் வருகிற அந்த நாற்பதாம் பாட்டை மட்டும் விட்டுவிடுங்கள். எங்கள் வகுப்பில் நான்கு பேர் அதையே எடுத்தார்கள், நான்காவது ஆள் பாடும்போது பாவம், யாரும் கேட்கவே இல்லை.

நான் எடுத்தது 28ஆம் பாட்டு, ஔவையார் பாடியது. ஐந்தே அடி. காதலனைப் பிரிந்தவளுக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. காற்று வேறு அலைக்கழிக்கிறது. ஊரோ இவள் நோவைத் தெரிந்துகொள்ளாமல் நன்றாகத் தூங்குகிறது. ‘முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்’ (முட்டட்டுமா, தாக்கட்டுமா) என்று ஆரம்பித்து, ‘ஆஅ ஒல்’ என்று கூவட்டுமா என்கிறாள்.

2. ஒரே ஒரு விஷயத்தை எடுப்பது

முதல் தடவை நான் செய்தது வெறும் உரைநடை வேலை. ஐந்து அடியையும் எளிய தமிழில் மாற்றி எழுதி, வரிக்கு வரி ‘நீ எங்கே, நீ எங்கே’ என்று சேர்த்திருந்தேன். மறுபடி மூலத்தைப் படித்தபோதுதான் உறைத்தது: அந்தப் பாட்டில் அவன் இல்லவே இல்லை. அவள் கோபமெல்லாம் தூங்குகிற ஊர் மேல்தான். அதை மட்டும் வைத்துக்கொண்டு ‘நீ’ வந்த இடமெல்லாம் அடித்தேன். பாதிப் பாட்டு போய்விட்டது, போகட்டும்.

3. தாளம்

மூன்று எண்ணிக்கை, அதாவது திஸ்ர நடை. தொட்டில் ஆட்டுகிற அசைவு அதில் இருக்கிறது. ஊர் தூங்குகிறது, பாட்டும் தாலாட்டு மாதிரி போகிறது, அவள் மட்டும் விழித்திருக்கிறாள். தொடையில் தட்டிக்கொண்டே முதலில் தத்தகாரம் (அர்த்தமில்லாத தன்ன, தானா போன்ற ஓசைகள்) சொல்லுங்கள், அப்புறம் வார்த்தை. என் பல்லவி ‘தன்னனா தன்னனா தானா’ என்று வந்தது. அதற்கு எழுதியது:

கத்தவா தட்டவா காத்தே
சத்தமே இல்லையே ஊரில்

கத்த, சத்த என்று எதுகை தானாக வந்து உட்கார்ந்தது. வராவிட்டால் இழுத்துப் பிடிக்காதீர்கள்.

4. குறில் நெடில் (நான் விழுந்த இடம்)

சரணத்தின் மெட்டு ‘தானா தானா’ என்று போகும். ‘தா’வுக்கு இரண்டு எண்ணிக்கை, ‘னா’வுக்கு ஒன்று. அதற்கு ‘மலைக் காத்து வாசல் வந்து’ என்று எழுதி, சந்தோஷமாகப் பாடியும் காட்டினேன். ஐயா நிறுத்தினார். “நடுராத்திரின்னு சொன்னே, மாலைக் காத்து எங்கேப்பா வந்துச்சு?”

எழுதியது மலை, பாடியது மாலை! இரண்டு எண்ணிக்கை நிற்க வேண்டிய இடத்தில் ‘ம’வை வைத்தால் அது ‘மா’ ஆகாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு மாலை முல்லைத் திணைக்கு, அதாவது தலைவனுக்காகக் காத்திருக்கும் பாடல்களுக்கு உரிய பொழுது, மற்ற மாணவர்களுக்கு நல்ல சிரிப்பு. தமிழில் இந்த ஆபத்து எல்லா இடத்திலும் உண்டு: விடு, வீடு, படு, பாடு, கல், கால். பேசும்போது தெரியாது, ராகம் இழுக்கும்போது காலை வாரும்.

சரிசெய்ய எனக்குத் தெரிந்த வழி மூன்று. நீளுகிற இடத்துக்கு நெடிலில் தொடங்கும் சொல்லைத் தேடலாம். நான் மலையைத் தூக்கிவிட்டு வாடையைப் போட்டேன்:

வாடைக் காத்து வாசல் வந்து
மோதிப் பாத்துப் போகுது

அல்லது மெட்டை மாற்றி ‘மலை’க்கு இரண்டு வேகமான ஸ்வரம் கொடுக்கலாம். மூன்றாவது, குறிலுக்குப் பின் மெல்லின ஒற்று வருகிற சொல்லை வைப்பது. ‘வந்து’ என்பதில் ‘ந்’தில் மூக்கால் நிற்கலாம், அர்த்தம் மாறாது. ‘பத்து’ என்றால் முடியாது, ‘த்’ வாயை அடைத்துவிடும்.

எங்கே இழுப்பது என்று குழப்பமா? மூலத்தையே பாருங்கள். ‘ஆஅ’ என்பது அளபெடை. கத்துகிற இடத்தில் ஔவையாரே நெடிலை நீட்டி எழுதி வைத்திருக்கிறார்! சரணம் முடிந்ததும் அந்த ‘ஆ’வை மட்டும் மூச்சு இருக்கும்வரை பிடித்தேன். பாட்டில் வேறெங்கும் அவ்வளவு நீளமாக எதையும் பிடிக்கவில்லை.

5. பதிவு

நோட்டும் பென்சிலும் போதும், பேனா வேண்டாம், அவ்வளவு அழிப்பீர்கள். போனிலேயே இருக்கிற குரல் பதிவு, ஒரு சுருதிப்பெட்டி செயலி, சேர்த்து ஒட்ட ஆடாசிட்டி என்கிற கணினி மென்பொருள். மூன்றுமே காசில்லாமல் கிடைக்கும். சினிமா கரோக்கியை அடியில் ஓட விட்டு எழுதாதீர்கள். வார்த்தை உங்களுடையதாக இருந்தாலும் அந்த மெட்டு ஒட்டிக்கொள்ளும், விட்டுப் போகாது.

பாட்டோடு ஒரு பக்கக் குறிப்பும் கொடுங்கள்: மூலத்தில் எதை எடுத்தேன், எதை விட்டேன் என்று. ஐயா என்னிடம் அதிகம் கேட்டது அதிலிருந்துதான்.

பின்சேர்க்கை: இதைப் படித்த இரண்டு பேர், தாளத்தைக் காதில் கேட்டுக்கொண்டு பாடினாலும் பதிவில் குரல் பின்தங்குகிறது என்று எழுதியிருந்தார்கள். இருவரும் போட்டிருந்தது புளூடூத் இயர்போன். அதில் சத்தம் காதுக்கு வருவதற்கே கொஞ்சம் தாமதமாகும். ஒயர் வைத்த பழைய இயர்போனை மாட்டிப் பாடச் சொன்னேன். ஒருவருக்குச் சரியாகிவிட்டது. இன்னொருவர் போனில் அந்த ஓட்டையே இல்லையாம். அவர் நண்பனைத் தொடையில் தட்டச் சொல்லி, தட்டும் சத்தத்தோடேயே பதிவு செய்துவிட்டார்.